மூன்றாம் பெட்டிக்குக் காவல்

நான் பொய் சொல்கிறவன் அல்ல. நடந்திருக்க வேண்டிய சில விஷயங்கள் சோம்பேறித்தனமாக நடக்காமலே இருந்துவிடுகின்றன. அவற்றுக்காக நான் கொஞ்சம் பேசுகிறேன், அவ்வளவுதான். என் வீட்டுக்காரி இதை ஒப்புக்கொள்வதில்லை. எங்கள் கொக்கோத் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வாரம் ஒருநாள் ஆட்கள் வருவார்கள். வாசலில் சீட்டுக் கிழித்துக் கொடுப்பவள் அவள்தான். கொடுக்கும்போதே, "உள்ள ஒருத்தர் கூட்டிட்டுப் போவார். அவர் சொல்றதுல பாதியை அங்கயே விட்டுடுங்க. மீதியை வெளிய வரும்போது என்கிட்ட குடுத்துட்டுப் போங்க," என்பாள். வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே வருவார்கள். என் வேலையில் பாதியை அவளே முடித்துவிடுகிறாள்.

சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. கடைசியில் சாக்லேட்டைச் சுவைக்கக் கொடுப்பது மருமகளின் பொறுப்பு. மகன் உலர்களத்தையும் லாரியையும் பார்த்துக்கொள்கிறான். அவன் அதிகம் பேச மாட்டான். வீட்டில் இருந்த பேச்சையெல்லாம் நான் ஒருவனே செலவழித்துவிட்டதால் அவனுக்கு மிச்சமில்லை.

மருமகள் இந்த வீட்டுக்கு வந்தபோது நாங்கள் கொக்கோக் கொட்டையைக் காயவைத்து, மூட்டை கட்டி, வியாபாரிக்கு அனுப்பிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிறவர்கள். அதற்கப்புறம் அது எங்கே போகிறது, என்ன ஆகிறது என்று யாரும் கேட்டதில்லை. அவள்தான் கேட்டாள். "நம்ம கொட்டையில செஞ்ச சாக்லேட் எப்படி இருக்கும்னு இந்த வீட்டுல யாருக்குமே தெரியாதா மாமா?"

யாருக்கும் தெரியவில்லை. பழைய உர அறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, அரைவைக் கல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டு நான்கு வருடம் அதனோடு மல்லுக்கட்டினாள். முதல் வருடம் செய்ததை எலி முகர்ந்து பார்த்துவிட்டு வருத்தத்தோடு போனது. இரண்டாம் வருடம் எலி தின்றது. மூன்றாம் வருடம் எலியை விரட்டிவிட்டு நாங்கள் தின்றோம். நான்காம் வருடம்தான் அவள் நகரத்துப் பெரிய கடை ஒன்றுக்குக் கடிதம் போட்டாள். சாக்லேட் அலமாரியில் ஒரே ஒரு தட்டு காலியாக இருக்கிறது, ஆள் அனுப்பிச் சுவைத்துப் பார்க்கிறோம் என்று பதில் வந்தது.

அந்த ஆள் வரவேண்டிய நாள் காலையில் மருமகள் என் எதிரில் வந்து நின்றாள்.

"மாமா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்."

"என்னம்மா?"

"கோழி வேண்டாம். நடக்கிற மரமும் வேண்டாம்."

இவை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கொக்கோவுக்கு நேர் வெயில் ஆகாது. ஒருமுறை நிழலே இல்லாத இடத்தில் ஒரு கன்றை நட்டுவிட்டேன். அது மரமானதும், உச்சிவேளையில் பக்கத்துத் தோட்டத்து நிழலுக்குப் போய் நின்றுவிட்டு வெயில் தாழ்ந்ததும் திரும்பி வந்துவிடும். ஒருநாள் வரவில்லை. போய்ப் பார்த்தால் பக்கத்துத் தோட்டக்காரர் கயிறு போட்டுக் கட்டிவைத்திருக்கிறார். இது நடக்கிற மரம்.

கோழிக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. காயை உடைத்து எடுத்த கொட்டையை அதன்மேல் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையோடு மரப்பெட்டியில் கொட்டி, வாழையிலையும் சாக்கும் போட்டு மூடிவைப்போம். அது தானாகவே புளித்துச் சூடேறும். இரண்டு நாளுக்கு ஒருமுறை முதல் பெட்டியிலிருந்து இரண்டாவதுக்கும், அங்கிருந்து மூன்றாவதுக்கும் புரட்டித் தள்ளுவோம். இப்படி ஆறு நாள் புளித்தால்தான் பிற்பாடு அதில் சாக்லேட் வாசனை பிறக்கும். உள்ளே கையை விட்டால் வைத்திருக்க முடியாது, அவ்வளவு சூடு. அதை வீணாக்குவானேன் என்று ஒரு தடவை பன்னிரண்டு முட்டையைப் பெட்டிக்குள் வைத்தேன். பன்னிரண்டும் பொரிந்தன. ஆனால் விடாமல் புரட்டியதில் குஞ்சுகளுக்குத் தலை சுற்றிவிட்டது. இன்றுவரை அவை வட்டமாகத்தான் நடக்கின்றன.

"இந்த ரெண்டும் இல்லேன்னா நான் என்னம்மா பேசறது?"

"உள்ளதைப் பேசுங்க."

"உள்ளது ரொம்பக் கொஞ்சமா இருக்கே."

அவள் சிரித்தாள். ஆனால் கைக்குட்டையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். "இவங்க விளையாட்டுக்குச் செய்றாங்கன்னு வர்றவங்க நினைச்சிடக் கூடாது மாமா. அந்தத் தட்டு கிடைக்கலேன்னா அரைவை அறையைப் பூட்டிட வேண்டியதுதான். மறுபடி மூட்டை கட்டலாம்."

"சரி. இன்னிக்கு முழுக்க உண்மை. உங்க அத்தை மேல சத்தியம்."

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி, "என் மேல வேண்டாம். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்," என்றாள்.

என் முழங்கால்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். மழைக்காலம் வந்தால் இரண்டும் என்னைக் கேட்காமல் வேலைநிறுத்தம் செய்துவிடும். அதற்குப் பச்சைத் தைலம் ஒன்று இருக்கிறது. காலையும் மாலையும் தேய்ப்பேன். என் வீட்டுக்காரி இடுப்புக்குத் தேய்ப்பாள், மகன் தோளுக்குத் தேய்ப்பான். எங்கள் தலையணை, செய்தித்தாள், கதவுப்பிடி எல்லாவற்றிலும் அந்த வாசனைதான். பல வருடப் பழக்கத்தில் எங்கள் மூக்குகள் அதை வாசனையென்றே எண்ணுவதில்லை. எங்களுக்கு அது வெறும் காற்று.

தைலம் தேய்த்த காலுக்கு ஒத்தடம் வேண்டாமா? பெட்டிக் கொட்டகையில் மூன்றாம் பெட்டிதான் உட்கார வசதியான உயரம். அதன்மேல் உட்கார்ந்து, கொட்டையை மூடியிருக்கும் சாக்கில் ஒன்றை உருவி முழங்காலுக்குப் போர்த்திக்கொண்டால், அப்பாடா என்றிருக்கும். ஒரு மணி நேரம் கழித்துச் சாக்கைப் பழையபடி கொட்டைமேல் போட்டுவிட்டு வந்துவிடுவேன். வீட்டில் கேட்டால் கொட்டையைக் காவல் காக்கிறேன் என்பேன். அது பொய்யல்ல. நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒரு கொட்டைகூட எழுந்து போனதில்லை.

அன்றைக்கு நாலே பேர் வந்தார்கள். கல்யாணமாகி ஒரு வாரமேயான ஒரு ஜோடி. கையில் நோட்டுப் புத்தகத்தோடு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். நாலாவதாக, ஒல்லியாக ஓர் அம்மாள். பவுடர் இல்லை, சென்ட் இல்லை. வாங்கிய சீட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார். என் வீட்டுக்காரி என் காதோரம், "மூக்கம்மா வந்தாச்சு. வாயை அடக்குங்க," என்றாள். அந்தப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

மரங்களுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனேன். கொக்கோக் காய் கிளை நுனியில் தொங்காது, அடிமரத்திலேயே ஒட்டவைத்தாற்போல் காய்த்திருக்கும். மஞ்சளும் சிவப்புமாக அவற்றைப் பார்த்ததும் புதுப்பெண் தொட்டுத் தடவி, "நீங்களே கொண்டுவந்து ஒட்டினீங்களா தாத்தா?" என்று கேட்டது. சாதாரண நாளாக இருந்தால் அரை மணி நேரத்துக்கு விஷயம் கிடைத்திருக்கும். "இல்லம்மா, அதுவே காய்ச்சதுதான்," என்றேன்.

"பூ எங்கே?" என்றார் தலைமையாசிரியர்.

சட்டைப் பொத்தானைவிடச் சின்னதான பூவைக் காட்டினேன். "தேனீயால இதுக்குள்ள நுழைய முடியாதுங்க. கடுகுல பாதிகூட இல்லாத ஒரு கொசு இருக்கு. அதுதான் மகரந்தத்தைக் கொண்டு போய்ச் சேர்க்குது. அந்தக் கொசு இல்லேன்னா உலகத்துல சாக்லேட்டே இல்ல."

மாப்பிள்ளை சிரித்தான். பெண் அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தது. தலைமையாசிரியர் பேனாவை மூடினார். "வாசல்ல அம்மா எச்சரிச்சாங்க. கொசுவாவது, சாக்லேட்டாவது."

வாழ்க்கையில் கலப்படமில்லாத உண்மை ஒன்றைச் சொன்னேன், அதற்குக் கிடைத்த மரியாதை இது. மூக்கம்மா மட்டும், "அவர் சொல்றது சரிதான்," என்றார். அதையும் யாரும் நம்பவில்லை. அவரும் என் ஆள் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு காயைக் கட்டையால் தட்டிப் பிளந்து நீட்டினேன். வழவழப்பான வெள்ளைச் சதையை ஆளுக்கொன்றாக வாயில் போட்டுக்கொண்டார்கள். புளிப்பும் இனிப்புமாக இருக்கும்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா சாக்லேட் மாதிரியே இல்லையே," என்றான் மாப்பிள்ளை.

"தான் சாக்லேட்டுன்னு அதுக்கே இன்னும் தெரியாதுங்க."

அடுத்தது பெட்டிக் கொட்டகை. மூக்கம்மா முதல் பெட்டியின்மேல் குனிந்து முகர்ந்தார், எழுதினார். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாம் பெட்டியிடம் வந்ததும் நின்றுவிட்டார். இலையைத் தூக்கி முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார்.

"இங்க பக்கத்துல ஏதாவது மருந்துச் செடி வளர்க்கறீங்களா?"

"இல்லையே."

"ஓடை, பாறை, பாசி எதுவும்?"

"ஒண்ணும் இல்லீங்க. இந்தப் பெட்டியை மட்டும் நான் நேர்ல இருந்து பார்த்துக்கறேன்," என்றேன் பெருமையாக. மடையன். அப்போதுகூட உறைக்கவில்லை.

சுவைக்கும் அறை அரைவை அறையை ஒட்டியது. ஒரு நீள மேசை, தண்ணீர், உப்பில்லாத ரொட்டித் துண்டு, மூன்று வெள்ளைத் தட்டுகள். மருமகள் காலையிலிருந்து அந்த மேசையை ஒன்பது தடவை துடைத்திருந்தாள். பத்தாவது தடவையாகத் துடைத்துவிட்டு, தட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தினாள்.

"ஒண்ணாவது கோடை அறுவடை. ரெண்டாவது அதே கொட்டைதான், கொஞ்சம் அதிகமா வறுத்தது. மூணாவது போன மழைக்காலத்துது. சக்கரையைத் தவிர எதுலயும் வேற எதுவும் சேர்க்கல. கடிக்காம நாக்குல வச்சிருங்க, தானா கரையட்டும்."

ஒன்றாவதை மூக்கம்மா கண்ணை மூடிச் சுவைத்தார். "நல்லா இருக்கு." இரண்டாவதற்குத் தலையை ஆட்டினார். மூன்றாவதை வாயில் போட்டவர் கண்ணைத் திறந்தார். இன்னொரு துண்டை எடுத்தார்.

"என்ன இது?"

"ஏன், நல்லா இல்லையா?" என்றாள் மருமகள்.

"இருபது வருஷமா சாக்லேட் சுவைக்கறேன், இப்படி ஒண்ணு வந்ததே இல்ல. முதல்ல கசப்பு, அப்புறம் பழம், கடைசியில தொண்டையில சில்லுன்னு ஒரு பச்சைக் காத்து. மழை பெஞ்ச காட்டுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. எனக்கு இதுதான் வேணும். இது மட்டும்தான் வேணும்."

மருமகள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான்கு வருடமாக அவள் முகத்தில் நான் பார்க்காத ஒரு வெளிச்சம். புதுப்பெண் மூன்றாம் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, "ஆமாங்க, சில்லுன்னு இருக்கு," என்றது.

எனக்கு இரண்டு முழங்காலும் ஒரே நேரத்தில் வலித்தன. சில்லென்று, பச்சையாக. போன மழைக்காலம் முழுவதும் மூன்றாம் பெட்டிமேல் யார் உட்கார்ந்திருந்தது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருப்பது பொய்யில் சேராது. அலமாரித் தட்டு கிடைத்திருக்கும். ஆனால் அடுத்த கோடையில் என் கால் சரியாகிவிடும், காடும் மழையும் காணாமல் போய்விடும். மூக்கம்மா திரும்பி வந்து அவளைத்தான் கேட்பார். அவளோ அந்தக் காட்டைத் தேடி இன்னும் நான்கு வருடம் கல்லோடு மல்லுக்கட்டுவாள்.

"அது வந்து... அம்மா... அது காடு இல்லீங்க," என்றேன். "என் முழங்கால்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தைலம். நான் தேய்ச்சுக்கிட்டு... பெட்டி மேல... சாக்கைப் போர்த்திக்கிட்டு... அப்புறம் அதே சாக்கை..."

தலைமையாசிரியர் முதலில் சிரித்தார். "கொசுவையாவது மன்னிச்சேன் ஐயா. இது அநியாயம்." மாப்பிள்ளை மேசையைத் தட்டிச் சிரித்தான். மூக்கம்மாவும் சிரித்துவிட்டு, "உங்க மாமனார் பெரிய கதைக்காரர்தான்," என்று மருமகளிடம் சொன்னார்.

மருமகள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா கதை சொன்னா இப்படித் தடுமாற மாட்டார்," என்றாள் மெதுவாக.

விடுவிடென்று கொட்டகைக்குப் போய், மூன்றாம் பெட்டியிலிருந்த சாக்கைக் கொண்டுவந்தாள். முகத்தில் வைத்து முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியல. நம்ம வீட்டு வாசனைதான் வருது," என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவ்வளவு தடவை சுவைத்துப் பார்த்தும் அவளுக்கு அது ஏன் தெரியவில்லை என்பதும் விளங்கிவிட்டது. அந்த வெளிச்சம் முகத்தைவிட்டு இறங்குவதை நான் பார்த்தேன். ஆனாலும் சாக்கை மூக்கம்மாவிடம் அவளே நீட்டினாள்.

"நீங்க பாருங்க."

மூக்கம்மா சாக்கை முகர்ந்தார். மூன்றாம் தட்டை முகர்ந்தார். பிறகு எழுந்து வந்து, கொஞ்சமும் கூச்சப்படாமல் என் முழங்காலருகே குனிந்து ஒரு மூச்சு இழுத்தார். எனக்கு எழுபத்து நாலு வயது. அப்படியொரு நிலைமை அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

"மழை பெஞ்ச காடு," என்றார் நிமிர்ந்து. தலைமையாசிரியர் வாயிலிருந்ததை விழுங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மருமகள் மூன்றாம் தட்டை எடுத்து அப்பால் வைத்தாள். "இதை நான் விற்க மாட்டேன். ஒண்ணாவது தட்டு கோடையில செஞ்சது. கோடையில மாமாவுக்குக் கால் வலி கிடையாது." கொஞ்சம் நிறுத்தினாள். "விருப்பமிருந்தா இன்னொரு தடவை பாருங்க. இல்லேன்னா பரவாயில்ல."

மூக்கம்மா ரொட்டியைக் கடித்தார், தண்ணீரால் வாயைக் கொப்பளித்தார், ஒன்றாம் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தார். இந்தத் தடவை வெகுநேரம் ஆனது. ஒரு கொக்கோக் கன்று நட்டுக் காய்க்க மூன்று வருடம் ஆகும். அதைவிட இது நீளமாக இருந்தது. இதில் மிகை ஒன்றும் இல்லை.

"மூணாவதுல தைலத்தைக் கழிச்சா என்ன மிச்சமிருக்குன்னு பார்த்தேன்," என்றார் கடைசியில். "நிறைய இருக்கு. ஒண்ணாவதை அவசரத்துல வெறுமனே நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். தேன் மாதிரி ஒண்ணு கடைசி வரைக்கும் நிக்குது. அலமாரித் தட்டு உங்களுக்குத்தான்."

மருமகள் உட்கார்ந்தாள். பிறகு அந்தத் துடைக்கும் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மூக்கம்மா அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்த காகிதத்தில் மூன்று நிபந்தனைகள் இருந்தன. முதல் இரண்டும் கொட்டையின் ஈரத்தைப் பற்றியவை. மூன்றாவது: பெட்டிக் கொட்டகைக்குள் முழங்கால்களுக்கு அனுமதி இல்லை. மருமகள் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கொட்டகைக் கதவில் என் கண்ணுக்கு நேராக மாட்டிவிட்டாள். விற்க முடியாத மூன்றாம் தட்டுச் சாக்லேட் முழுவதையும் என் வீட்டுக்காரிதான் தின்று தீர்த்தாள். இடுப்பு வலி குறைந்திருக்கிறது என்கிறாள். அவளும் இப்படிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த மழை பிடித்ததும் நான் வீட்டுக்குள் முடங்கினேன். வாய் திறக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழும்போது மட்டும் கொஞ்சம் சத்தம் வரும். நாற்காலிதான் முனகுகிறது என்று சொல்லிவைத்திருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் மருமகள் வந்து, "மாமா, ஒரு நிமிஷம் பின்பக்கம் வாங்க," என்றாள்.

உலர்களத்துக்குப் பின்னால், கொட்டகையிலிருந்து நல்ல தூரத்தில், தகரக் கூரைக்குக் கீழே புதிதாக ஒரு பெட்டி இருந்தது. எங்கள் வீட்டுப் பழைய சமையலறைக் கதவை அறுத்துச் செய்தது. மகன் ஒரு வார்த்தை பேசாமல் செய்து வைத்திருக்கிறான். மூடி சரியாக என் உட்காரும் உயரம், முதுகுக்குச் சாயப் பலகை வேறு. திறந்து பார்த்தேன். உடைந்த கொட்டை, முளைவிட்ட கொட்டை, எலி கடித்தது, கடைக்குப் போகாத கழிசல் எல்லாம் சதையோடு கிடந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

"இது எங்கயும் போறதில்ல. இஷ்டத்துக்குத் தைலம் தேய்ச்சுக்குங்க," என்றாள். "ரெண்டு நாளைக்கு ஒரு தடவை நான் வந்து புரட்டிவிடறேன். புரட்டலேன்னா சூடு இறங்கிடும்."

"உனக்கு இருக்கிற வேலையில இது எதுக்கும்மா?"

"காவல் இல்லாம கொட்டை எழுந்து போயிட்டா?"

உட்கார்ந்தேன். அப்பாடா என்றிருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொன்னால் மிகையாகிவிடும்.

போன வாரம் வந்த கூட்டத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் இந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டார். "அங்க மூணு பெட்டிதானே சொன்னீங்க. இந்த நாலாவது எதுக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள், "அதுவா? கோழி முட்டை பொரிக்கிறதுக்கு," என்றாள். அவள் முகத்தில் ஒரு தசை அசையவில்லை. எனக்குத்தான் சிரிப்பை அடக்க இருமல் தேவைப்பட்டது.

கண்ணாடிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். "குஞ்சு ஒண்ணையும் காணோமே?"

"வந்துட்டிருக்கும். வட்டமா நடக்கிறதுங்க இல்லையா, வந்து சேர நேரமாகும்."